ஏரிக்கரையில் போட்ட தோடு

அன்பு மகன் எர்மெக்குக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் தங்கை பெர்மெத்துக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாஸ்கோவில் நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் நினைக்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அம்மா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

"ஒரு நாளாவது ஓய்வெடுங்கப்பா, ஏரிக்கரையில சோல்பான்-ஆத்தா ஊர்ல அறை போட்டிருக்கேன், பெர்மெத்தையும் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க" என்று நீ சொன்னபோது, இப்படி ஒரு பிள்ளையா என்று தெருவெல்லாம் பெருமையடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். காலை நன்றாகத்தான் போனது. அம்மா உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏரியில் முழங்கால் வரை நின்று, குளிருது குளிருது என்று கத்தினாளே தவிர கரையேறவில்லை. நான் மர நிழலில் கால் நீட்டிப் புகைபோட்ட மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். பெர்மெத் நீந்திவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள், பரீட்சை முடிந்த களைப்பு அன்றுதான் அவள் முகத்தை விட்டுப் போயிருந்தது. அப்போது உன் நண்பன் உலானின் அம்மா ரொட்டியும் பாலேடுமாக வந்து, ஏதோ தற்செயலாகப் பார்த்ததுபோல் எங்கள் விரிப்பிலேயே உட்கார்ந்தார். பின்னால் உலான். அந்தம்மாள் பெர்மெத்தின் கூந்தலை ஒதுக்கி, "காது என்ன அழகு, கொஞ்சம் காட்டுடி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வெள்ளித் தோட்டை மாட்டி, நெற்றியில் முத்தமும் கொடுத்துவிட்டார். நம் ஜனங்களில் பெண் காதில் தோடு ஏறினால் கல்யாணப் பேச்சு முடிந்தது என்று உனக்குத் தெரியாதா? நான் எழுந்து நின்றுவிட்டேன். "என்ன வாத்தியாரே முழிக்கிறீங்க, உங்க மகன்தான் எல்லாம் பேசி நாளும் குறிச்சுக் குடுத்தாரு" என்கிறார். பெர்மெத் அவரைப் பார்க்கவில்லை, "என்னைக் கேட்டியா நீ?" என்று உலானைத்தான் கேட்டாள். அவன் தலை குனிந்துகொண்டு, "உனக்கும் சம்மதம்னு அண்ணன் சொன்னாரே" என்றான்.

எர்மெக், நான் கோபப்படுவது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். உலான் நல்ல பையன், நானே அவனுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் இருப்பவனுக்கும் சேர்த்து 'உள்ளேன் ஐயா' சொல்கிறவனை என்ன செய்வேன் தெரியுமா? அவனை உட்காரவைத்துவிட்டு, யார் பெயரோ அவனையே எழுப்பிக் கேட்பேன். அந்தப் பிள்ளை வாய் திறக்கும் வரை காத்திருப்பேன். நீ என் வீட்டிலேயே வளர்ந்து இதைக் கற்கவில்லையா? பெர்மெத் தோட்டைக் கழற்றி நீட்டினாள். "பெரியவங்க போட்டதைக் கழட்டுனா குடும்பத்துக்கே ஆகாது" என்று அந்தம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மா ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "அண்ணன் என்னை வித்தானா, சும்மா குடுத்தானா? வித்திருந்தா பாதி எனக்கு வரணும்" என்று பெர்மெத் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். தோடு ரொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. கடைசியில் நான்தான் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன், அது இன்னும் நம் வீட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்யாணத்தை உறுதிசெய்ய, வழக்கப்படி ஆட்டோடும் உறவுகளோடும் வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நானே கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைப்பேன், ஊர் என்ன சொன்னாலும் சரி. ஆனால் நான் போவதற்குள் நீ உலானின் அம்மாவைக் கூப்பிட்டு, "என் தங்கச்சியை நான் கேக்கவே இல்ல, பொய் சொன்னேன்" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தோடு போட்ட பிறகு வாக்கு மாறிய பெண் என்ற பேர் அவளுக்குத்தான் வரும், உனக்கு வராது.

குளிரில் வேலைக்குப் போகும்போது மார்பை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு, கோபத்திலும் அப்பாவின் ஆசி குறையாது. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நீயும் அண்ணனுக்கு இரண்டு வரி எழுது என்று பெர்மெத்திடம் பேனாவை நீட்டினேன். "எனக்காக அவன்தானே பேசுறான், நான் என்ன எழுதுனேன்னும் அவனே சொல்லிக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டாள். கீழே அவளுக்காக இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜுமாதில்