சிஸ்டர் படிக்காத கடிதங்கள்

ரோஷ் புவா,
பிப்ரவரி 1968

அமிர்தத்துக்கு,

உன் கடிதம் வந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிறாயாம், வழியனுப்ப நான் துறைமுகத்துக்கு வர வேண்டுமாம். கூடவே, "அன்னைக்கு உன் கடுதாசியை க்ளெமான் படிச்சிட்டாருடி, நான் என்ன செய்வேன்?" என்று செத்துப்போன புருஷன் தலையில் பழியைப் போட்டிருக்கிறாய்.

கான்வென்ட் பள்ளி விடுதியில் நாம் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை சிஸ்டர் பிரித்துப் படிப்பாள். அதனால்தான் தமிழில் எழுதப் பழகினோம். "அவளுக்கு இது கோழி கிறுக்கினது மாதிரிடி" என்று சிரித்தவள் நீ. அந்தத் தைரியத்தில்தான், நாற்பத்து மூன்றில் கரும்புத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, போலீஸ் தேடிய என் வீட்டுக்காரர் தேர் ரூஜ் ஊரில் தன் அக்கா வீட்டில் ஒளிந்திருப்பதை உனக்கு எழுதினேன். மூன்றாம் நாள் போலீஸ் நேரே அங்கே போனது. ஜெயிலிலிருந்து அவர் உடம்புதான் வந்தது.

தோட்ட ஆபீஸில் பிரெஞ்சில் கணக்கெழுதிய க்ளெமானுக்குத் தமிழில் தன் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாது. உங்கள் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

இருபத்தைந்து வருடமாகப் பொங்கலுக்குப் பொங்கல் நலம் விசாரித்து எழுதினேன். இதை மட்டும் கேட்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்று ஒரு வரி எழுது, வருகிறேன். எழுதாவிட்டால், உன் கப்பல் போவது என் வாசலிலிருந்தே தெரியும்.

இப்படிக்கு,
பக்கத்துக் கட்டில்காரி