கடதாசி பொன்னிறமாகும் வரை

மச்சாள்,

நேற்று என் மகள் உங்கள் சமையல் புத்தகத்தை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தாள். முன்னட்டை இல்லை, ஓரமெல்லாம் கறையான் அரித்தது, பிரித்தால் பழைய வனிலா மணம். "உதை எறியுங்கோ அம்மா, உதிலை ஒண்டும் செய்யேலாது" என்றாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது. பறித்தெடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அவள் சொன்னதும் பொய்யில்லைத்தான். 'துரைமார் விருந்துக்கு வருமுன் வான்கோழியைச் சமையற்காரனிடம் ஒப்புவிக்கவும்' என்று தொடங்கும் புத்தகம் அது. வான்கோழிக்கு நாங்கள் எங்கே போக? ஓரிடத்தில் 'கோழிமுட்டைப் பருமன் வெண்ணெய்'. அடுத்த பக்கத்தில் பட்டுச் சேலையில் பட்ட மைக்கறையைப் போக்க வழி. அதற்குக் கீழே நோயாளிக்கு ஆட்டுக்கால் சூப். சண்டைக்குள் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில், அச்சுவேலியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்து, ஐஸ் புடிங் செய்முறையை உரத்து வாசிப்பீர்கள். "பசியைக் கிளப்பாதையப்பா" என்று அண்ணை கெஞ்சுவார். நீங்களா விடுவீர்கள்? "எங்கடை ஆசைக்கும் சேர்த்தே தடை போட்டவங்கள்?" என்பீர்கள்.

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் கலியாணத்துக்குக் கேக் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா சீறி விழுந்தார். "சனம் சாகுது, உனக்கு இப்ப கேக் ஒரு கேடே?" நான் அறைக்குள் போய் அழுதேன். நீங்கள் அவர் முன்னால் போய் நின்றீர்கள்.

"குண்டு நாளைக்கும் விழும், மாமி. கலியாணம் அவளுக்கு ஒருக்காத்தான்."

சங்கக்கடையில் பங்கீட்டுக்குக் கிடைத்த சீனியை மாதக்கணக்கில் ஒதுக்கினீர்கள். பிராந்திக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி. கேக் சுடப் போறணை அடுப்பு இல்லாததால் பெரிய கிடாரத்தில் மணல் பரப்பி, கீழே சிரட்டை நெருப்பு, மூடிமேல் தணல். சூடு பதமா என்று பார்க்க உள்ளே ஒரு கடதாசி வை, பொன்னிறமானால் சரி என்றது புத்தகம். கைக்கு அகப்பட்டது, எங்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லி விமானம் கொட்டிவிட்டுப் போன துண்டுப் பிரசுரம்தான். "வை பிள்ளை, உது ஒரு வேலையாவது செய்யட்டும்" என்றீர்கள். அச்சொட்டாகப் பொன்னிறமானது.

கேக் பாதி வெந்திருக்கையில் குண்டு போடும் பொம்மர் வானத்தில் இரைந்தது. எல்லோரும் வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்தோம், நீங்கள் வரவில்லை. "இறங்கடி விசரி!" என்று அண்ணை கத்தினார். "தணல் கூடினால் கருகிப்போடும், நீங்கள் இருங்கோ" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. இரண்டு ஒழுங்கை தள்ளிக் குண்டு விழுந்தது. நிலம் அதிர்ந்ததில் கேக்கின் நடுவில் குழி. முகமெல்லாம் கரியோடு அதைப் பார்த்து, "துண்டு போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது" என்று சிரித்தீர்கள். எனக்கு உங்களை அடிக்கவேண்டும் போலவும் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. கலியாணத்துக்கு வந்த ஒருவரும் கேக் இல்லாமல் திரும்பவில்லை.

வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்த அந்த வருடம், கொடிகாமத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டிலில், காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பதுதானே எங்கள் வழக்கம். நான் இரவல் கிடாரத்தில் கேக் சுட்டேன். உறவுக்காரர் ஒருவர் முகம் சுளித்தார்.

"அகதியாய் வந்த இடத்திலை உதென்ன ஆடம்பரம்?"

"ஓம், வந்தது அகதியாய்த்தான்," என்றேன். "என்ரை மச்சாள் அகதியாய்ச் சாகேல்லை. அவவுக்குக் கேக் வேணும். தள்ளி நில்லுங்கோ, படைக்கவேணும்."

அந்த வாய் உங்களிடம் வாங்கியது, மச்சாள். இன்னும் அடங்கவில்லை.