ஆவுடை அத்தையின் கட்டில்

அன்பு மகள் கோகிலாவுக்கு, சங்கரன்கோவிலிலிருந்து அம்மா எழுதுவது. என் முழங்கால் வலியைத் தவிர்த்தால் நானும் உன் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நல்லபடி இருக்க கோமதியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் போடும்போதெல்லாம் அத்தையைப் பற்றிக் கேட்கிறாய், நானும் நன்றாக இருக்கிறாள் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். அப்பா பக்கத்தில் இருக்கும்போது அதைப் பேச முடியாது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பயப்படாமல் முழுக்கப் படி.

ஆவுடை அத்தை உன் அப்பாவுக்கு அக்கா மட்டுமா, பெற்றவள் போனபிறகு அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லை, கட்டியவரும் சீக்கிரமே போய்விட்டார். அவளைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விடுவதா என்று அப்பா வெகுநாள் மனசுக்குள்ளேயே குமைந்தார். ஆனால் மறதி முற்றிவிட்டது. கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடினாள். ஒருநாள் தென்காசி வண்டி வரும் நேரம் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவளை கேட் கீப்பர் பிடித்து உட்காரவைத்திருந்தார். அப்பா தறிக்குப் போனபின் இந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் பின்னால் என்னால் ஓட முடியவில்லை. திருநெல்வேலியில் ஒரு இடம் பார்த்தோம், நர்ஸ், ஏசி எல்லாம் உண்டு, கேட்ட அட்வான்ஸுக்குத் தறிகளை விற்க வேண்டும். இன்னொன்று இலவசம், ஆனால் ஆதரவில்லாதவர்களுக்கு மட்டுமாம், கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா எழுந்து வந்துவிட்டார். கடைசியில் கரிவலம் போகிற வழியில் சண்முகையா என்பவர் நடத்தும் இல்லம் சரிப்பட்டது. சுத்தமாக இருந்தது, நீ அனுப்புவதோடு தறிக்கூலியும் சேர்ந்தால் மாசச் செலவுக்குச் சரியாக இருக்கும். ஒன்று மட்டும் அன்றைக்கே எனக்கு என்னவோ போல் இருந்தது. பக்கத்துக் காட்டில் ஒரு பெரிய காற்றாலை நிற்கிறது. சாயங்கால வெயிலில் அதன் இறக்கை நிழல் ஹாலுக்குள் வந்து கட்டில் கட்டிலாகத் தடவிக்கொண்டு போகும். தங்கள் மேல் நிழல் விழும்போது அந்த வயசானவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், ஒருவர் விடாமல். ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. அதை அத்தைக்குக் கொடுத்தார்கள். அப்பா அவள் நெற்றியில் கோமதியம்மன் கோயில் புற்றுமண் பூசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, முகத்தில் சதைகூடப் பிடித்தது. பிறகு ஒரு தடவை போனபோது, "மணி எங்க?" என்று கேட்டாள். நேரம் கேட்கிறாள் என்று அப்பா கடிகாரத்தைக் காட்டினார். அவள் கோபமாக, "எம் மவன் மணியக் கேக்கேன். ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். மறதியில் உளறுகிறாள் என்று நான் அப்பாவைத் தேற்றினேன். சண்முகையா முகம் மட்டும் வெளுத்துவிட்டது. வெளியே கூட்டிவந்து சொன்னார், அந்தக் கட்டிலில் முன்னால் இருந்தது பூரணம் என்ற அம்மாவாம், அத்தை வருவதற்கு முன்பே அங்கேயே தவறிவிட்டார்களாம். மகன் முத்துமணி சூரத்தில் வேலை, பணம் மட்டும் தவறாமல் வருமாம், ஆள் வந்ததே இல்லையாம். "எரிக்கதுக்குக்கூட வர முடியலம்மா அவராலே. இதெல்லாம் ஒங்க மதினிகிட்ட நாங்க யாரும் பேசல" என்றார்.

போன மாசம் அந்த முத்துமணி அம்மாவின் துணிமணிகளை வாங்கிப்போக வந்தார். அன்றைக்கு நாங்களும் அங்கே இருந்தோம். தலை நரைத்த மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை கட்டிலிலிருந்து, "வந்துட்டியா மக்கா" என்றாள். அவர் யாரையோ சொல்கிறாள் என்று நின்றார். அத்தை தானே இறங்கிப் போய் அவர் கன்னத்தைத் தடவி மெதுவாகச் சொன்னாள், "அன்னைக்கு ஒன்ன பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சுட்டு ராசபாளையம் வண்டில ஏறிட்டேன்லா. மனசு கேக்கல, பாதியில எறங்கி ஓடியாந்துட்டேன். ஒங்கய்யாகிட்ட சொல்லிராத." கோகிலா, அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏழு வயசில் நடந்ததாம், அம்மாவையும் அவரையும் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். பக்கத்தில் உட்கார்ந்த அத்தையின் மடியில் முகத்தை வைத்து அவர் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் அப்பாவிடம் வந்து, இனிமேல் இந்த அம்மாவின் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "எங்கக்கா ஒமக்கு எப்பிடிய்யா அம்மை ஆவா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அத்தையின் கையைப் பிடித்தார். அவள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மணி, இந்த ஆளு யாருடே? என்னைய எங்க கூட்டிட்டுப் போறாரு?" என்று நடுங்கினாள். அப்பா கையை விட்டுவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து அந்த மனிதரிடம், "துட்டு நான் குடுத்துக்கிடுதேன். நீங்க அப்பப்ப வந்து அவ பக்கத்துல இரிங்க, அது போதும்" என்றார். வருகிறேன் என்று முத்துமணி கையெடுத்துக் கும்பிட்டார். சொன்னபடி தீபாவளிக்கு வந்து அவளுக்குச் சேலையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். சென்ற வெள்ளிக்கிழமை போயிருந்தோம். அத்தை எங்களை யாரோ விருந்தாளி போல உட்காரச் சொன்னாள். உங்களுக்குத் தம்பி உண்டா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, "நான் ஒத்தப் பிள்ளைல்லா" என்று சிரித்தாள். அடுத்த கட்டிலில் புதிதாக ஒரு அம்மா, குருவிகுளத்துப் பக்கம் ஆடு மேய்த்தவர்களாம், சங்கரன்கோவில் தெருக்கள்கூடத் தெரியாதவர்கள், எங்களை அதற்குமுன் பார்த்ததே இல்லை. காற்றாலை நிழல் அவர்கள் மேல் விழுந்து விலகியது. கண்ணைத் திறந்தவர்கள் அப்பாவையே பார்த்து, "ஏலே பொட்டலம், ஏம்ல இப்பிடி எளச்சுட்ட?" என்றார்கள். பிறந்தபோது அப்பா ஒரு பொட்டலம் அளவுதான் இருந்தாராம், அத்தை ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் அவள் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன், அவர் வெட்கப்பட்டதால் அதோடு அவளும் விட்டுவிட்டாள். வாங்க போயிரலாம் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. அந்த அம்மாவின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி, "தறில வேல ஜாஸ்திக்கா" என்றார்.

இப்போது தினமும் தறியை முடித்துவிட்டு கரிவலம் பஸ்ஸில் போய்வருகிறார். நான் தடுக்கவில்லை, வந்தபின் நிம்மதியாகத் தூங்குகிறார். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு, சின்னவளுக்கு ஏசிக் காத்து நேராகப் படாமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுசோடு நிறைவாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. இல்லத்துக்குப் போன் போட்டால் எந்த அம்மாவிடம் கொடுக்க என்று சண்முகையா கேட்பார். இரண்டு பேரிடமும் பேசு.

இப்படிக்கு
உன் அம்மா
வள்ளித்தாய் துரைப்பாண்டி