முதல் ஆணி

நம் பழைய ஜூடோ பாய் ஒன்று நேற்று வாய் பிளந்துவிட்டது. உள்ளேயிருந்து சரிந்த கழிவு நூலில் பச்சை, ஊதா இழைகளும் தறி எண்ணெய் வாடையும் அப்படியே இருந்தன. நகரி விசைத்தறிக் கூடத்தில் ஷிப்டு முடிந்ததும் நாம் கூட்டி அள்ளி, சாக்கில் திணித்துத் தைத்த பாய். ஊசி பிடித்தது நீ. பக்கத்தில் உட்கார்ந்து வாயடித்தது நான்.

இன்று நம் கிளப்புக்குத் திருப்பதியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். யாராவது கிளப்பின் வரலாறு கேட்டால் ஆண்டுவிழா மலரை நீட்டுகிறேன். நிறுவியவர் என்று அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது. எழுதியவனும் நான்தான்.

கறுப்பு பெல்ட் தேர்வுக்குச் சென்னை போக, முதலாளி நம்மில் ஒருவருக்குத்தான் லீவு தந்தார்.

"நீ பாஸ் பண்ணிகினு வாடா. உன் தறியையும் நானே பாத்துக்கினு இருக்கேன்" என்றாய்.

அதற்குப் பிறகு உன் முறை வரவேயில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. நீ கறுப்புக்கு முந்தைய பழுப்பு பெல்ட்டிலேயே நின்றுவிட்டாய்.

நம் கிளப் சுவரில் பெயர்ப்பலகைகள் அவரவர் சேர்ந்த வரிசையில் தொங்கும். முதல் ஆணி உன்னுடையது. கிளப்புக்கு அங்கீகாரம் கொடுக்க ஜப்பானிய ஆசிரியர் வந்த அன்று நீ ஷிப்டில் இருந்தாய். முதல் பெயரே பழுப்பு பெல்ட் என்றால் கௌரவக் குறைச்சல் என்று எனக்குப் பட்டது. உன் பலகையைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, அங்கே என்னுடையதை மாட்டினேன். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். அவர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெருமை எனக்கு ருசித்துவிட்டது.

மறுவாரம் நீ சுவரைப் பார்த்தாய்.

"இன்னாடா, என் பலகை எங்க?"

"பெயிண்ட் அடிக்கக் குடுத்துக்கிறேன்."

"சரி, நல்லா காயட்டும். மெதுவா மாட்டிக்கலாம்."

பிறகு நீ கேட்கவேயில்லை. ஞாயிறுதோறும் வந்து கிழிந்த பாய்களைத் தைத்துவிட்டுப் போனாய்.

போன மாதம் உன் பாடையைத் தூக்கியபோது என் தோளும் சேர்ந்திருந்தது. அப்போதும் பலகை டிராயரில்தான் கிடந்தது. வெட்கமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

இன்று காலை, பிள்ளைகள் வரிசையில் நிற்கையில் அதை முதல் ஆணியில் மாட்டினேன்.

"யாரு சார் இவரு?" என்றாள் ஒரு பெண்.

"இந்தக் கிளப்ப ஆரம்பிச்சவரு. மலர்ல நான் பொய் எழுதிட்டேன்மா."

பாயில் ஏறுமுன் வணங்கக் குனிந்த எனக்கு நிமிரவே மனம் வரவில்லை.

அந்தப் பெண் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். "எழுத்தெல்லாம் மங்கிப் போயிருக்கே சார். பெயிண்ட் அடிக்கக் குடுக்கட்டுமா?"

"வேணாம்மா" என்றேன்.