வேன் கூரையில் ஒரு டீசல் கேன்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஒரு சின்ன சமாச்சாரம், பயப்படாதே. நான் ஓட்டும் பழைய டீசல் வேன் மேடு வந்தாலே திணறி நின்றது. ஃபில்டர் மாற்றியும் அதே கதைதான். "உனக்கு ஓட்டத் தெரியல" என்று முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

வேனைப் பார்க்க வந்த மெக்கானிக் பெரிய கெட்டிக்காரர். டேங்க் குழாயை ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை. பிறகு ஒரு டீசல் கேனைக் கூரைமேல் கட்டி, அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் குழாய் விட்டார். அதே மேட்டில் வேன் குதிரை மாதிரி ஏறியது! "டீசல் தானா இறங்கி வந்தா ஓடுது பாருங்க. டேங்க்ல இருந்து இழுக்குற பம்ப்தான் நோஞ்சான். டிரைவர் மேல தப்பில்ல" என்றார். சாவி திரும்பி வந்தது.

எனக்கு உன் ஞாபகம்தான். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நான் அடைப்பைத் தேடிச் சுவரை இரண்டடி உடைத்த பிறகு, நீ மாடித் தொட்டியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாய். குழாயில் தண்ணீர் கொட்டியது. "பைப்பு நல்லாத்தான் இருக்குங்க, மோட்டார்தான் ஏத்த மாட்டேங்குது" என்றாய். இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். "அந்தம்மாவ இங்க அனுப்பிவிடுங்க" என்றார்.

லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள். அடுத்த முறை, அன்று பழுது பார்த்த அந்த மோட்டாரைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்று போன் பேசு. சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். அவசரமில்லை, தொட்டி நிறையும்வரை ஓடட்டும்.

உன் டிரைவர்