ஜீப்புக் கண்ணாடிக்குப் பூட்டிய கம்பி

சாய்ந்தமருது
சனிக்கிழமை

அன்பு மகன் முர்ஷித்துக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கு இந்த மாதம் பிறஷர் கூடவில்லை, எனக்குப் படியேறும்போது மட்டும் முழங்கால் குத்துகிறது, தங்கச்சி அஸ்னா சோதனைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள், மற்றபடி அல்லாஹ்வின் காவலில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். தோஹாவில் இப்போது வெயில் ஆளைச் சுடுகிறதாமே, வெளியில் வேலை என்றால் தண்ணீர்ப் போத்தலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். போனில் கதைக்காமல் உம்மா ஏன் எழுதுகிறா என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் வாப்பா பக்கத்திலேயே இருந்து கேட்பார், அவரைப் பற்றிய விஷயத்தை அவர் முன்னால் எப்படிச் சொல்வது. எழுதி முடித்ததும் அஸ்னா படம் பிடித்து அனுப்புவாள்.

ஜீப்பை விற்க ஆள் பார்க்கச் சொல்லி நீங்கள் கேட்டதாக நஜீம் மாமா வந்து சொன்னார். நான் ஜீப்பை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டேன் என்று கேள்விப்பட்டுப் பயந்துதான் சொல்லியிருப்பீர்கள், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் நடந்ததை ஒருவரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. போன வருஷம் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் பலமிழந்து பேச்சும் தடுமாறிய பிறகு நான் லைசன் எடுத்து, அவரைப் பக்கத்தில் இருத்தி வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன் அல்லவா. அந்த ஜீப்பின் முன்கண்ணாடி பொனட்டின் மேல் மடித்துப் படுக்கவைக்கிற கண்ணாடி. அடியில் இருக்கிற பிணைச்சலும் இரண்டு பக்கக் கொளுக்கியும் தேய்ந்துவிட்டன. வயலுக்குப் போகிற கல்லுக் கிறவல் றோட்டில் இறங்கினால் போதும், தகரப் பெட்டிக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி அந்த இரும்புச் சட்டம் அடிக்கத் தொடங்கிவிடும். வாப்பா ஓட்டிய காலத்தில் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே மறு கையால் ஓட்டுவார், எனக்கு ஸ்டியரிங்குக்கே இரண்டு கை போதாது. அன்றைக்கு வாய்க்கால் கரை இடிந்திருந்ததை அவர் எனக்கு முதலே கண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார். அவருடைய குரல் இப்போது காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கேட்கிற குரல். கண்ணாடி போட்ட சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்ன என்று நான் அவர் பக்கம் திரும்பிய நேரம் இடது சில்லு வாய்க்காலுக்குள் போய்விட்டது. ஒருவருக்கும் காயமில்லை, நம்முடைய வயலைப் பார்க்கிற முத்தலிப் காக்கா டிரக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, நான் சொல்றது கேக்காட்டி நான் என்னத்துக்கு வாற என்று கேட்டார். அதோடு சரி. ஐந்து கிழமையாக ஜீப்பில் ஏறவில்லை, வயலைப் பற்றி ஒரு கதையும் இல்லை, முத்தலிப் காக்கா தண்ணீர் முறை கேட்டு வந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுவார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை, கதைக்கக் கதைக்கத்தான் நாக்குத் திரும்பும் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டா. இவர் பசிக்கிறதா என்றால் தலையாட்டுவதோடு நின்றார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. பிறகு ஒருநாள் சோறு வடித்துக்கொண்டு நிற்கும்போது யோசித்தேன், குற்றம் இந்த மனிசனின் நாக்கில் இல்லை, அந்தக் கண்ணாடியில் இருக்கிறது, நாக்கைத் திருத்த எனக்குத் தெரியாது, கண்ணாடியைத் திருத்த ஏலும்.

முதலில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சட்டத்துக்கு அடியில் திணித்துப் பார்த்தேன். தார் றோட்டில் அமைதியாக வந்தது, கிறவலில் இறங்கி அரைக்கட்டைத் தூரம் போகுமுன் டியூப் கழன்று பறந்துவிட்டது. பிறகு துணி, பிறகு கயிறு, ஒன்றும் நிற்கவில்லை. பாண்டிருப்பில் கிசோக் தம்பியின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் ஆட்டிப் பார்த்துவிட்டு, அக்கா, இதக் கழட்டி வெச்சிட்டுக் கறுப்புக் கண்ணாடியப் போட்டுட்டு ஓடுங்க என்று சிரித்தார். கழட்டுறதுக்கு நான் உங்களிட்ட வரணுமா தம்பி, இது சத்தம் போடாம நிக்கணும், அவர் கதைக்கிறது எனக்குக் கேக்கணும் என்றேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ரெண்டு நாள் தாங்க என்றார். சொன்னபடி, சட்டத்தின் இரண்டு மேல்மூலையிலிருந்தும் பின்பக்கமாகச் சரித்து, ஏறுகிற வாசலோடு சேர்த்து இரண்டு கம்பி பூட்டித் தந்தார். பிடித்து ஆட்டினால் ஜீப்தான் ஆடுகிறது, கண்ணாடி அசையவில்லை. கம்பிக்குக் கீழால் குனிந்து ஏறி, சந்தோஷத்தோடு வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

வாப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார். இடது பக்கக் கம்பியைத் தொட்டுக்கொண்டு கனநேரம் நின்றார். அவர் ஏதோ சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில், இப்பிடிப் பூட்டினா நான் எங்கால ஏறுற என்று கேட்டார். மகன், அவர் கேட்டது கம்பியைப் பற்றி, எனக்குக் காதில் விழுந்தது அவர் ஏறப் போகிறார் என்பது. பதில் சொன்னால் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் அப்படியே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் எடுத்து, வெளியால, முன் மட்காட்டுல குடுக்கச் சொல்லு என்றார்.

அன்றைக்கே திரும்பப் போனேன். கிசோக் தம்பி, இது எனக்குத் தோணாமப் போச்சே என்று சொல்லிக்கொண்டு உள்ளே பூட்டியதைக் கழற்றி, கம்பிகளை வெளியால் முன்பக்கம் சரித்து, முன்சில்லுக்கு மேல் இருக்கிற மட்காட்டில் பூட்டினார். சட்டத்தின் அடியில் தடித்த றப்பரும் வைத்தார். கண்ணாடியை மடிக்க வேண்டுமென்றால் கம்பியின் கீழே இருக்கிற இரும்புப் பின்னை இழுத்தால் போதும்.

வியாழக்கிழமை காலையில் போனோம். அவர் ஏறுவதற்கு ஒரு பெட்டியை வைத்துக் கால் மணித்தியாலம் எடுத்தது, அவசரப்படவில்லை. கிறவலில் இறங்கும்போது பிஸ்மி சொல்லிக்கொண்டேன். எஞ்சின் சத்தம், கல் தெறிக்கிற சத்தம், வேறொன்றும் இல்லை. செகண்டுக்கு மாத்து என்றார். நான் முகத்தைத் திருப்பாமலே கேட்டுக் கியரை மாற்றினேன். இஞ்ச கரை பலமில்ல, வலப்பக்கம் எடு என்றார். எடுத்தேன். வயலில் முத்தலிப் காக்காவைக் கண்டதும், கதிர் வாற நேரம் வயலக் காய விடுறயா என்று ஏசினார். ஏச்சு வாங்கிய மனிசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடையைத் திறக்க ஓடினார். திரும்பி வரும் வழி முழுக்க வாப்பா என் ஓட்டத்தில் குறை கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன், சில சொல் வரவே வராமல் கையால் காட்டுகிறார். ஆனாலும் நேற்றும் போனோம், நாளைக்கும் போவோம்.

ஜீப் விற்பனைக்கு இல்லை என்று நஜீம் மாமாவிடம் நானே சொல்லிவிட்டேன். நீங்கள் மனத்தாங்கல் படக்கூடாது. இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீங்கள் போன் எடுக்கும்போது வாப்பா ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார், அதற்குள் நீங்கள் சரி வாப்பா, விளங்குது வாப்பா என்று முடித்துவிடுகிறீர்கள். அவரைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்ற பாசத்தில்தான் அப்படிச் செய்கிறீர்கள். ஆனால் போனை வைத்த பிறகும் அவர் அந்தச் சொல்லைத் தனியே இருந்து சொல்லி முடிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத்தைத் தரட்டும், தேக சுகத்தோடு உங்களை எங்கள் கண்ணில் காட்டட்டும். சுபஹுத் தொழுகையை விட்டுவிடாதீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போன் எடுத்து, வயல் எப்படி வாப்பா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை காத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உம்மா
றுகையா