ஆபீஸில் அக்கா கிடையாது

சேலையூர்
1.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? நாளை நீ வேலையில் சேருகிறாய். அத்தான் இறந்த பிறகு நீ வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது, வேலைக்கான ஆர்டர் வந்த அன்றுதான். அதனால் இதை நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை.

நீ என் அக்கா என்று ஆபீஸில் நான் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் ஒரே டீமில் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. இருந்த ஒரே காலியிடமோ நான் லீடராக இருக்கும் டீமில். தெரிந்தால் உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் வேறு டீமுக்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை நாம் யாரோ, எவரோ.

அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மேனேஜர் ஹர்ஷா உன்னைவிடச் சின்னவர். அதற்காக 'தம்பி' என்று சொல்லிவிடாதே. 'கண்ணு', 'ராஜா' எல்லாம் வீட்டோடு வைத்துக்கொள். டிபன் பாக்ஸைத் திறந்து ஊருக்கே பங்கு வைக்காதே. போன் எடுத்தால், எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது, எல்லாம் பதிவாகும். எனக்கு மெசேஜ் அனுப்பாதே, மீட்டிங்கில் என் திரையைக் காட்டும்போது உன் பெயர் வந்து விழும். எபி தினமும் அம்மா வீட்டு வழியாகத்தானே ஸ்டேஷனுக்குப் போகிறார், அவரிடம் எழுதிக் கொடுத்தனுப்பு.

நானும் உன்னைச் 'சாராள்' என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கும். மன்னித்துக்கொள்.

உன் அபி


கிழக்குத் தாம்பரம்
21.6.2025

என் செல்ல அபிக்குட்டிக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வாய்தான் இன்னும் வடியவில்லை. உன் வீட்டுக்காரர் எபி நமக்குத் தபால்காரர் ஆனதில் அவருக்கு ஒரே பெருமை. காபி குடிக்காமல் கடிதத்தை வாங்க மாட்டேன் என்கிறார்.

வேலை பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்களுக்கு, அதைக் கேளம்பாக்கத்தில் உட்கார்ந்து நாம் எடுக்கிறோம் என்று தெரியாது, பாவம். டாக்டர் எப்போது வருவார், ரிப்போர்ட் வந்ததா என்று கேட்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு வாண்டுகளை மேய்த்தவளுக்கு இது என்ன பெரிய வேலை.

நேற்று வேனில் டிரைவர் அன்பு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உங்களுக்கும் அபி மேடத்துக்கும் ஒரே மூக்கா கீது?" என்று கேட்டானே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆண்டவர்கிட்ட அச்சு கம்மிப்பா" என்று சமாளித்தேன். வேனே சிரித்தது. நீ மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வண்டலூர் தாண்டியும் உன் கழுத்து விறைத்தே இருந்தது. பயப்படாதே. உன் அக்காவுக்கு வாயைத் திறக்கவும் தெரியும், மூடவும் தெரியும்.

ஒரு குறை மட்டும். முதல் நாள் நீ 'சாராள், இங்க வாங்க' என்றபோது, யாரைக் கூப்பிடுகிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ பேசக் கற்றதே 'அக்கா' என்றுதான். சரி, பிழைப்பு என்று பழகிக்கொண்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டில் 'சாராள், தண்ணி' என்றாயே, அங்கே எந்த ஹர்ஷா இருந்தார்? நீ சொன்னது உனக்கே தெரியவில்லை. அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தார்கள்.

உன் அக்கா
சாராள்


சேலையூர்
4.9.2025

அக்கா,

நீ என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்? போனில் ஒரு அம்மாவுக்கு ஜெபம் பண்ணினாயாமே! பதிவுகளைச் சரிபார்க்கிறவர்கள் அதைப் பிடித்து ஹர்ஷாவுக்கு அனுப்பிவிட்டார்கள். படித்துப் படித்துச் சொன்னேனே, எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு வார்த்தை கூடாது என்று. உன்னைச் சேர்த்துவிட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை.

அபி


கிழக்குத் தாம்பரம்
5.9.2025

அன்புள்ள அபிக்கு,

தப்புதான். மழுப்ப மாட்டேன்.

அந்த அம்மா படப்பைக்காரர், பெயர் அம்மணி. மகளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கூட ஒருவரும் இல்லை. முடிந்ததா என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். 'உங்கள் அழைப்புக்கு நன்றி' என்று நானும் மூன்று முறை சொல்லிவிட்டேன். "நன்றி இருக்கட்டும்மா, எந்த சாமியானாலும் பரவால்ல, என் பொண்ணுக்கு வேண்டிக்கம்மா" என்று அழுதார். நான் வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அப்பாவின் ஜெபம் ஒன்றுதான். உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னது: 'ஆண்டவரே, பிள்ளையின் பக்கத்தில் உட்காரும். வேறெங்கும் போகாதேயும்.' அவ்வளவுதான் சொன்னேன்.

ஹர்ஷாவிடம் நானே போய்த் தவறை ஒப்புக்கொள்கிறேன். உன் பெயர் கெடாது. நீ சாப்பிடாமல் இருக்காதே.

உன் அக்கா


சேலையூர்
10.9.2025

அக்கா,

கோபமாக இருப்பாய். நேற்று எல்லோர் முன்னாலும் அந்தப் பதிவைப் போட்டேன் என்றால், மற்றவர்களின் தவறுகளையும் அப்படித்தான் போட்டுக் காட்டுகிறேன். உன்னுடையதை மட்டும் மறைத்தால் ஏன் என்று கேட்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஹர்ஷா என் முகத்தைப் பார்த்திருப்பார். என் நிலைமையில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நாளை உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அன்பு சொன்ன மூக்குக் கதை எப்படியோ ஹர்ஷா காதுவரை போய்விட்டது. நான் உனக்கு யார் என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்று சொல். வேறு எதுவும் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன். வீட்டுக் கடன் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அபி


கிழக்குத் தாம்பரம்
12.9.2025

அன்புள்ள அபிகாயிலுக்கு,

உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், மூச்சு விட்டுக்கொள். என் வேலையும் எச்சரிக்கையோடு தப்பியது. வேறு டீமுக்கு மாற்றச் சொல்லி நானே கேட்டு வாங்கிவிட்டேன். திங்கள்கிழமையிலிருந்து வேனும் வேறு.

நீ பதிவைப் போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. தவறு செய்தவளைக் கண்டிப்பது உன் உத்தியோகம். சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பயத்தில் சிரித்திருப்பாய். ஆனால் 'பிள்ளையின் பக்கத்தில் உட்காரும்' என்ற இடம் வந்ததும், யாரோ "இன்னொரு வாட்டி" என்று கேட்க, நீ நிறுத்தி மறுபடியும் போட்டாய். அதை யாரும் உனக்கு விதியாக எழுதி வைக்கவில்லை. அந்த ஜெபத்தில் பிள்ளை நீ, அபிகாயில்.

விசாரணையில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அம்மணியின் மகள் பிழைத்துக்கொண்டாளா என்று கேட்டேன். அது அவர்களுக்குத் தெரியாதாம். பிறகு ஹர்ஷா கேட்டார், "சாராள், அபிகாயில் உங்களுக்கு யாரு?"

பொய் சொல்லப் பழகாத வாய், உளறிக்கொட்டிவிடும் என்று பயந்துகொண்டேதான் போயிருந்தேன். "யாரும் இல்ல" என்றேன். நீ எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். சொன்னது பொய் மாதிரியே இல்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எபியோடு சாப்பிட வந்துவிடு. வஞ்சிரம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். இனிக் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டிய அவசியம் இருக்காது.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டுமென்றால் பெயர் சொல்லியே கேள். எழுந்து எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
சாராள்